பூச்சி கடித்த கூடை

அந்தக் காய்கறிக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவள் அத்தைதான். மருமகன் அத்தை என்று கூப்பிட்டான். அதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் கூப்பிட்டார்கள். கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த ஓய்வுபெற்ற நீதிபதிகூட, "அத்தை, இன்னைக்குக் கீரை எப்படி?" என்று திரைக்கு வெளியே நின்று குரல் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. அவளும் உள்ளிருந்தபடியே, "நல்லா இருக்குங்க" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை பொய் சொல்கிறோம் என்று எண்ணுகிற பழக்கத்தை அவள் விட்டு ரொம்ப நாளாகிறது.

திரைக்கு முன்னால் மகளின் ராஜ்யம். மூங்கில் கூடைகள், கரும்பலகை, இயற்கை விளைச்சல் என்று கொட்டை எழுத்தில் பச்சைப் பலகை. திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறை, தரையோடு ஓர் இரும்புக் கதவு. காலை ஆறு மணிக்கு அந்தக் கதவு பாதி உயரும், வண்டிக்காரர் மூட்டைகளை உள்ளே தள்ளுவார், கதவு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அவள் வெளியே போக வேண்டுமென்றாலும் சரி, மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏற வேண்டுமென்றாலும் சரி, மகளின் கண் முன்னால் கடையைக் கடந்துதான் போக வேண்டும்.

வேலை எளிது. மூட்டைகள் வருவது ஊரெல்லாம் வாங்குகிற அதே மொத்தச் சந்தையிலிருந்து. அதில் கோணல்மாணலாக, குள்ளமாக, ஓட்டை விழுந்ததாக இருப்பதைப் பொறுக்கி மூங்கில் கூடையில் போட வேண்டும். மொழுமொழுவென்று அழகாக இருப்பது பிளாஸ்டிக் பெட்டியில் போய், மதியத்துக்குள் அந்த இரும்புப் பின்கதவு வழியாகச் சாதாரணக் காய்கறிக் கடைகளுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் தொழில்.

இப்படியே ஆரம்பிக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் மருந்தே தெளிக்காத ஒரு விவசாயி உண்மையாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் திடீரென்று நிலத்தை விற்றுவிட்டுப் போனார். பலகையைக் கழற்ற மருமகனுக்கு மனம் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் சந்தையிலிருந்து வாங்கிச் சமாளிப்போம் என்றான். அத்தை எப்போதும்போலச் சொத்தைகளை ஒதுக்கி, குப்பைக்குப் போகட்டும் என்று திரையோரம் ஒரு கூடையில் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்த ஓர் அம்மாள், "அடடே, இதுதானே அசல்! இதை ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கூடையோடு அள்ளிக்கொண்டு போய்விட்டாள். மருமகனும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. அந்த விவசாயி போனதும் வேறொருவர் கிடைத்துவிட்டார் என்று நம்பினாள். பிளாஸ்டிக் பெட்டியில் போவது புருஷன் தனியாக நடத்தும் சந்தைக் காய் வியாபாரம் என்று நினைத்தாள். வருகிறவர்களிடம் ஓட்டை விழுந்த கத்தரிக்காயைத் தூக்கிப் பிடித்து, "பூச்சி தைரியமாத் தின்னுருக்கு பாருங்க, அதுதான் சர்டிபிகேட்" என்பாள். மகளின் முகத்தில் அப்போது தெரியும் பெருமையைத் திரை இடுக்கு வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அத்தை தலையைக் குனிந்து அடுத்த மூட்டையைப் பிரிப்பாள். யாருக்கு என்ன கெட்டுப்போகிறது, ஊரே தின்கிற காய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அந்தச் சமாதானம் மகள் மூன்றாவது முறையாகக் கருவுற்றதும் செத்துப்போயிற்று. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை ஐந்தாம் மாதம் நடக்கிறது. மகள் ஒரே முடிவாக இருந்தாள்: மூங்கில் கூடையிலிருந்து வருவதைத் தவிர வேறு எதுவும் வயிற்றுக்குள் போகாது.

"என் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து போகக்கூடாதும்மா. நீ பொறுக்கித் தர்ற. வேற யாரை நான் நம்பணும்?"

இந்தப் பேச்சு வண்டிக்காரர் காதில் விழுந்ததுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் காலை மூட்டையை இறக்கிவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சொத்தையவா பொண்ணுக்குக் குடுக்கறீங்க?"

"ஏன், என்ன அதுக்கு?"

"பூச்சி விழுந்த பாத்தியப் பார்த்துத்தானே மருந்தையே அடிக்கிறாங்க! நல்லா இருக்கிற பாத்திக்கு ஒரு தடவைன்னா இதுக்கு மூணு தடவை. ஒரு வாரம் விட்டுப் பறிக்கணும், எவன் விடறான்? இது முந்தாநாள் அடிச்சது. நான் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னேன். என் வீட்டுக்கு நான் மொழுமொழுன்னு இருக்கிறதத்தான் எடுத்துட்டுப் போவேன்."

அத்தை கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். நான்கு வருஷமாக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, மூட்டைக்குள் இருக்கும் விஷத்தையெல்லாம் தேடிப் பொறுக்கி ஒரே கூடையில் சேர்த்திருக்கிறாள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான முட்டாள்தனம் வேறு யாருக்கு வாய்க்கும்?

மருமகனைத் தனியாகப் பிடித்தாள். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். அவன் கெட்டவனும் இல்லை. மனைவி கால் வீங்கினால் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறவன். பயந்தவன், அவ்வளவுதான்.

"உப்புத் தண்ணியில ஊற வெச்சுத்தானே அத்தை சமைக்கிறோம். எல்லாம் போயிடும்."

"போகலன்னா? நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க மாப்பிள்ளை."

"சொன்னா இருக்கிற நிலைமையில தாங்குவாளா? பிரசவம் முடியட்டும். நானே சொல்றேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சேர்த்தான். "முதல் கூடையை ஒதுக்கி வெச்சது யாருன்னும் கேப்பா அத்தை."

சொன்னால் மகளின் குடித்தனம் குலையும், சொல்லாவிட்டால் மகளின் வயிறு. புருஷன் இறந்த பிறகு அத்தைக்கென்று இருந்தது இந்த அறையும் மாடியில் ஒரு கட்டிலும்தான். அன்று முழுவதும் இரும்புக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி சின்ன நிலத்தில் காய்கறி போடுகிறாள் என்று தெரியவந்தது. அத்தை முட்டிவலி வைத்தியம் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். நர்ஸ் தினமும் காலையில் குனிந்து குனிந்து கையாலேயே பூச்சி பொறுக்கினாள், செடிக்கு வலை கட்டினாள், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல இலைகளைக் கழுவினாள். மருந்து டப்பா ஒன்றுகூட அங்கே இல்லை. அத்தை கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டாள். கத்தரிக்காய் ஊதா நிறத்தில் மின்னியது. கொய்யா ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. அத்தை பை நிறைய வாங்கி, மகள் மாடியில் தூங்கும் நேரமாகப் பார்த்து உள்ளே கொண்டு வந்து, மகளுக்கென்று வைக்கும் சின்னக் கூடையில் அடுக்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனம் லேசானது.

மகள் கூடையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, பொம்மைக் கடை மாதிரி? ஒரு பூச்சிகூடத் தொடல. பெட்டிக்குப் போற காய் மாறி வந்துடுச்சு போல."

"இல்லடி, இது நல்லது. நம்பிச் சாப்பிடு."

"உனக்கு வரவர கண்ணு தெரியல." சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பின்கதவுப் பெட்டியில் கொட்டிவிட்டு, மூங்கில் கூடையிலிருந்து சொத்தையாக நாலு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அடுத்த வியாழக்கிழமை அத்தை மூட்டை தைக்கிற கோணி ஊசியைக் கையில் எடுத்தாள். நர்ஸ் வீட்டுக் கத்தரிக்காயில் இரண்டு குத்து. கொய்யாவில் ஒரு குத்து, பக்கத்தில் நகத்தால் ஒரு கீறல். கீரையில் அங்கங்கே ஓட்டை. முதல் காயைக் குத்தும்போது, இத்தனை அழகாக விளைந்ததை இப்படிக் குத்துகிறோமே என்று அழுகை வந்தது. நாலாவது காயில் கை பழகிவிட்டது.

மகள் ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். "இப்பல்லாம் ருசியே வேறம்மா" என்றாள். அத்தை திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தான். இப்படி ஏழு வாரம் ஓடிற்று. இன்னும் பத்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வாரம், மதியம். மகள் மாடியில் தூங்குகிறாள் என்று நினைத்து அத்தை தரையில் கொய்யாக்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பச்சைத் திரை விலகியது. இடுப்பில் கை வைத்து மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மருமகன்.

ஊசி கொய்யாவுக்குள்ளேயே இருந்தது.

"என்னம்மா பண்ற?"

மகள் குனிந்து ஒரு கொய்யாவை எடுத்தாள், ஓட்டையைப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"எத்தனை நாளா? நான் வாய் கிழியப் பேசி வித்ததெல்லாம் நீ ஊசியால குத்தினதா?"

"இல்லடி. இது உனக்கு மட்டும்தான். இதுதான் அசல். கூடையில இருக்கிறதுதான் சந்தைக் காய், மூணு தடவை மருந்து அடிச்சது. உன் புருஷனக் கேளு. மாப்பிள்ளை, சொல்லுங்க. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுங்க!"

மகள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது, மூடியது. நெற்றியெல்லாம் வியர்வை. அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரோ எடை போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அத்தைக்கு முடியல போலிருக்கு" என்றான் அவன். "விடு. அப்புறம் பேசிக்கலாம்."

"பொய்! நானும் இவரும் சேர்ந்துதான்டி..."

"அம்மா!" மகள் கத்தவில்லை, கெஞ்சினாள். "உன் கையில ஊசிய வெச்சுக்கிட்டு அவர் மேல பழி போடறியே. என் வயித்துல இருக்கிறது உன் பேரப் பிள்ளைதானே? அதோட வாயிலயா இதப் போட்ட?"

அத்தை எழுந்து மகளின் கையைப் பிடித்தாள். மகள் உதறிவிட்டுத் திரைக்கு வெளியே போய், மூங்கில் கூடையைக் கிளறி ஒரு கொய்யாவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அதையும் நர்ஸ் வீட்டுக் கொய்யாவையும் தாயின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். இத்தனைக்கும் பிறகும் அவள் குரலில் கோபத்தைவிடப் பொறுமைதான் அதிகம் இருந்தது.

"பாரும்மா. ஊசி குத்தினா வட்டமா இருக்கும். பூச்சி கடிச்சா ஓரமெல்லாம் பிஞ்சு, உள்ள வரைக்கும் வழி போயிருக்கும். இதக்கூடக் கவனிக்காம இத்தனை நாள் சாப்பிட்டுட்டேன். இனிமே நீ எதையும் தொட வேண்டாம். என் பிள்ளைக்கு வேண்டியத நானே பார்த்துப் பொறுக்கிக்கிறேன்."

நர்ஸ் வீட்டுக் கொய்யாவைப் பெட்டிக்குள் எறிந்தாள். மற்றதைப் புடவைத் தலைப்பில் துடைத்து, ஓட்டை இருந்த பக்கமாகப் பார்த்துப் பெரிதாக ஒரு கடி கடித்தாள். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.