பம்பரத்தின் இடது முழங்கால்

படம் திரையில் விழுந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, காலை மாற்றி எடுத்துவிட்டோம் என்பதுதான். எக்ஸ்ரே அறைக்கு வந்து ஐந்து வருடத்தில் அப்படி ஒரு தவறு நடந்ததில்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்ப்பவர் லீவு. வெளி பெஞ்சில் பதினோரு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடப்பதென்றால் இப்படிப்பட்ட நாளில்தான் நடக்கும். சீட்டை எடுத்து மறுபடி படித்தாள். இடது முழங்கால், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வழுக்கி விழுந்ததால் வீக்கம், முறிவு உண்டா என்று பார்க்கவும். இடது பக்கம் என்பதற்கு அடையாளமாகக் காலருகே வைக்கும் ஈய எழுத்து படத்தின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. கண்ணாடித் தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தாள். மேசையில் படுத்திருந்தவர் இடது காலைத்தான் நீட்டி வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. முழங்காலும் சரியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

அந்த முழங்காலுக்குள் இரண்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும். இதை அவளுக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஓட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படுத்திருந்தவர் பம்பரம், ஊரின் பழைய கால்பந்து ஆட்டக்காரர். பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு இடது காலை ஊன்றி ஒரே சுற்றாகச் சுற்றித் திரும்புவார், காவல் நிற்கிறவன் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு நிற்பான். அதனால் அந்தப் பெயர். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பதினாறு வருடத்துக்கு முன், உள்ளூர் கிளப் இரண்டும் மோதிய அரையிறுதியில், எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தைப் பறிக்கச் சறுக்கிப் போட்ட டேக்கிளில் கீழே விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவர் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. அப்போது வயது இருபத்தாறு. இடது முழங்காலில் இரண்டு ஸ்க்ரூ என்று பத்திரிகையில் வந்தது. பிறகு கதைக்குக் கை கால் முளைத்து, சிலர் வாயில் அது நாலு ஸ்க்ரூவும் ஒரு தகடுமாக ஆயிற்று. மைதானத்தின் வடக்கு வாசலுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவர் சாதாரணமாகத் தெருவில் நடந்து போனாலும், பாவம், எப்படித் தாங்கித் தாங்கி நடக்கிறார் பார் என்று உச்சுக் கொட்டினார்கள்.

அந்தத் தடுப்பாட்டக்காரர் அவளுடைய அப்பா.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, கத்தரி. எதிராளியின் காலில் ஒரு தூசி படாமல் பந்தை மட்டும் வெட்டி எடுப்பார் என்று பாராட்டி வைத்த பெயர். அரையிறுதிக்கு மறுநாளிலிருந்து அதே பெயரை ஊர் வேறு குரலில் சொல்ல ஆரம்பித்தது. வீட்டின் முன் ஜன்னலில் கல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அப்பா அந்த வாரமே ஆட்டத்தை விட்டுவிட்டு பார்சல் ஆபீஸில் பெட்டிகளுக்கு எடை போடும் வேலையில் சேர்ந்தார். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மைதான வாசலில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. இப்போதும் தெருவில் பிள்ளைகள் விளையாடும் பந்து உருண்டு வந்தால் அப்பா அதைக் காலால் தொடமாட்டார். குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, துடைத்துக்கூடக் கொடுப்பார். அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் பேசி அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. அம்மாவிடம், சமையலறைக் கதவுக்குப் பின்னால் சொன்னார். "நான் பந்து மேலதான் கால வச்சேன். பந்துதான் முதல்ல பட்டுச்சு." நாளாக ஆக அவருக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு வயதில் அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த ஸ்க்ரூக்களை வரைந்து பார்த்திருக்கிறாள். எவ்வளவு நீளம் இருக்கும், தலை தட்டையா உருண்டையா, மழையில் துருப்பிடிக்குமா. ஏன் எக்ஸ்ரே படித்தாய் என்று கேட்பவர்களிடம் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று சொல்லுவாள். அது பாதி நிஜம்.

ஆகவேதான் இன்று அந்த முழங்காலை மேசையில் கிடத்தும்போதே அவள் கை கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது. தழும்பு எங்கே என்று தேடினாள். வீக்கம் இருந்தது, தழும்பு இல்லை. ஊசித்துளை மாதிரி போட்டுச் செய்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது திரையிலும் ஒன்றும் இல்லை. ஸ்க்ரூவைப் பின்னால் கழற்றியிருந்தாலும் எலும்பில் துளை போன தடம் இருக்கும். இங்கே பாடப் புத்தகத்தில் போடலாம் போல ஒரு முழங்கால்.

செய்யக்கூடாததைச் செய்தாள். சீட்டில் கேட்ட இரண்டுக்கும் மேல் இன்னொரு படம் எடுத்தாள்.

"என்ன சிஸ்டர், நான் ஆடிட்டேனா?" என்றார் அவர்.

"நான் சிஸ்டர் இல்ல சார், எக்ஸ்ரே. நீங்க ஆடல. எனக்குத்தான் ஒரு சந்தேகம்."

அந்தப் படமும் அதையேதான் சொன்னது. அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதில் முன்தலை வழுக்கை, கொஞ்சம் தொப்பை, சட்டையில் மீன் தொட்டித் தண்ணீரின் பாசி வாடை. வண்ண மீன் கடை வைத்திருக்கிறார். கடையில்தான் ஈரத் தரையில் வழுக்கியிருக்கிறது.

"தேடறது கெடைக்கலையா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஸ்க்ரூ எங்க சார்?"

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற சிரிப்பாக இல்லை. ரொம்ப நாளாகத் திறக்காத அலமாரியை யாரோ திறந்துவிட்டதில் வந்த சிரிப்பு. "ஊர்ல எத்தனையோ ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கிழமை திறந்திருக்கறது இது ஒண்ணுதான். அதனால வந்தேன், மாட்டிக்கிட்டேன்."

"ஆபரேஷனே நடக்கலையா?"

"சுளுக்கு. ஆறு வாரத்துல ஆடலாம்னாரு கிளப் டாக்டரு. நான்தான் ஆடலன்னேன். ஸ்க்ரூ கதைய நான் சொல்லலம்மா, பேப்பர்ல வந்துச்சு. நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ரெண்டு நிமிஷம்" என்று கத்திவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. ஆனால் பதினோரு வயதிலிருந்து காத்திருந்த கேள்வி. பெஞ்சில் இருப்பவர்கள் ரெண்டு நிமிஷம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. "ஆடப் பிடிக்கலையா சார்?"

"பிடிக்கும். அதான் வம்பே." முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "மேட்சுக்கு மூணு நாள் முன்னாடி எதுவும் உள்ள போகாது. போனாலும் நிக்காது. பாத்ரூம்ல கொழாயத் தெறந்து விட்டுட்டு வாந்தி எடுப்பேன், சத்தம் கேக்கக் கூடாதுன்னு. ஒம்பது வருஷம் அப்படி. அன்னிக்குக் கீழ விழுந்து கெடந்தேன் பாரு, வானம் தெரிஞ்சுது. மைதானத்துல நான் வானத்தப் பார்த்ததே இல்ல. யாரும் எந்திரின்னு சொல்லல. வலிக்குதான்னு கேட்டாங்க. வலிக்குதுன்னேன். வலிச்சுது, அது பொய் இல்ல. ஆனா சாயந்திரம் பசிச்சுது. நல்லாப் பசிச்சுது. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"பதினாறு வருஷமா யாருக்கும் தெரியாதா?"

"இன்னும் பத்து வருஷம் ஆடியிருந்தா எப்படி ஆடியிருப்பான்னு ஊரே பேசுது. நான் ஆடாத மேட்ச்லதாம்மா நான் நிறைய கோல் போட்டிருக்கேன். அதைப் போயி நான் எதுக்குக் கெடுக்கணும்? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவளுக்கு வந்தது கோபம்தான். ஆனால் கத்துகிற கோபமாக வரவில்லை. படங்களை அச்சுக்கு அனுப்பினாள். அது வெளியே வந்ததும் பெரிய பழுப்பு உறையில் போட்டு, உறையின் மேல் தேதி எழுதினாள். "கத்தரின்னு ஒருத்தர் ஆடினாரே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா?"

"நான் அவர் பொண்ணு."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிற்று. "இப்ப எப்படி இருக்காரு?" என்றார்.

"பந்தைக் கையாலதான் தொடுவாரு." உறையை நீட்டினாள். "இந்த ரூம்ல பார்த்ததை நான் வெளிய சொல்லக் கூடாது சார், எங்கப்பாகிட்டக் கூட. படம் உங்களோடது. யாருக்குக் காட்டணும்ங்கறது உங்க இஷ்டம்." அவர் உறையை வாங்கிக்கொண்டு வெளியே நடக்கும்போது காலைத் தாங்கித்தான் நடந்தார். முதல் தடவையாக, ஊர் சொன்னபடி.

அன்று மாலை வீட்டில் அப்பா பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே தட்டோடு உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடுவதற்குள் விஷயம் பத்து தடவை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வரி போதும். ஆனால் அந்த அறையில் சட்டையைக் கழற்றுகிறவர்கள் எல்லாம் அவள் வாயை நம்பித்தான் கழற்றுகிறார்கள். யாருக்குக் கட்டி, யாருக்கு விரிசல் என்று பாதி ஊரின் உள்விவகாரம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே போனதில்லை. "என்ன, ஆஸ்பத்திரில கூட்டமா?" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "ஆமாப்பா" என்றாள். சொல்லாமல் விட்டது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒன்றும் தூக்கம் வந்துவிடவில்லை. பம்பரம் வீட்டுக்கு வருவாரா, அல்லது அந்த உறையை மீன் தொட்டிக்கு அடியில் சொருகிவிட்டு மறந்துவிடுவாரா என்று அதையே உருட்டிக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. கதவைத் திறந்தது அப்பா. வெளியே பம்பரம், கக்கத்தில் பழுப்பு உறையுடன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் கண் மட்டும் உடனே கீழே இறங்கியது, இடது காலுக்கு. பம்பரம் படியேறும்போது நொண்டியதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. உள்ளே ஓடிப் போய் நாற்காலியை இழுத்து வந்து போட்டார். அவர் ஓடி அவள் பார்த்து வருடக்கணக்காகிறது.

"உக்காருப்பா. இன்னும் வலிக்குதா?"

பதினாறு வருடமாக உள்ளே வைத்திருந்த கேள்வி அது என்று அவளுக்குப் புரிந்தது. துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"இது நேத்து வழுக்கி விழுந்தது, அண்ணே." பம்பரம் உட்காரவில்லை. உறையை நீட்டினார். "இதைப் பாருங்க."

அப்பா படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு காலத்தில் கல் விழுந்த ஜன்னல், கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மேலிருந்து கீழாகப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாக்கினார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இது யாரோட காலு?"

"என்னோடதுதான்."

"ஸ்க்ரூ?"

"இல்லண்ணே. எப்பவும் இல்ல. சுளுக்குதான். எனக்கு நிறுத்தணும்னு இருந்துச்சு. நீங்க வந்தீங்க." என்றார் பம்பரம். "நான் விழுந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. உங்கள நான் நெனைச்சே பாக்கல."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்பா படத்தை இறக்கவே இல்லை. சத்தம் போடுவார், அல்லது அழுவார் என்று மகள் எதிர்பார்த்தாள். எது நடந்தாலும் நியாயம்தான் என்று அவளுக்கு இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ," என்றார் அப்பா.

"சொல்லியிருக்கணும்ணே."

"ஒரே ஒரு வார்த்தை." அப்புறம் படத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு ஒரு ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டார். "பந்து? பந்துதானே முதல்ல பட்டுச்சு?"

பம்பரம் யோசித்தார். யோசித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்பாவைச் சமாதானப்படுத்த ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"நீங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தீங்க?"

"எந்தப் பக்கமா? இப்படி." அப்பா வாசலில் கிடந்த தன் செருப்பு ஒன்றை எடுத்து வந்து அறை நடுவில் வைத்தார். "இது பந்து. நீ இங்க."

"இங்க இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் தள்ளி. நான் திரும்ப ஆரம்பிச்சிட்டேன்." பம்பரம் நொண்டிக்கொண்டே போய், செருப்பின் அந்தப் பக்கம் இடது காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி திரும்பி நின்றார். வலித்தது முகத்தில் தெரிந்தது.

"இந்த வயசுல இதென்ன கூத்து," என்றாள் அம்மா. ஆனாலும் வழியில் கிடந்த ரேடியோ சாமான்களைக் காலால் ஒதுக்கினாள். மகள் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

அப்பா தரையில் இறங்கினார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டினார். முட்டி சடக்கென்று சொடுக்கு விட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"மெதுவாண்ணே."

"மெதுவாத்தான் வர்றேன். நல்லாப் பாரு."

வெறுங்கால் சிமெண்ட் தரையில் இழைந்தபடி அங்குலம் அங்குலமாகச் செருப்பை நோக்கிப் போயிற்று. மகள் அவர்கள் எதிரில் மண்டியிட்டு நேராக ஒரு தடவை பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். அப்பாவின் கட்டை விரல் செருப்பைத் தொட்டது. செருப்பு நகர்ந்தது. அப்பாவின் விரலுக்கும் பம்பரத்தின் காலுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் தரை வெறுமையாக இருந்தது.