ஜெகதீஷ் பேரில் ஒரு நம்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னீர்குப்பத்தில் கனிமொழியின் வீட்டுக்குள் இருந்தவர்கள்: கனிமொழி. போன வருஷம் கோர்ட்டில் அவளைப் பிரிந்துபோன ஜெகதீஷ். அவன் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று கூடவே வந்த அவன் அம்மா வேம்புலியம்மாள். நெடுஞ்சாலை ஓரம் மொபைல் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக். அவன் மடியில் ஒரு டேப்லெட்டும் விரல் ரேகை பிடிக்கும் சின்ன மிஷினும்.

இத்தனை பேரும் கூடியது ஒரு போன் நம்பருக்காக.

கனிமொழி ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறாள். வானகரம் பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இருப்பது அந்த ஒரு நம்பர். பேங்கில் கொடுத்திருப்பதும் அதுதான், கேஸ் சிலிண்டருக்குக் கொடுத்திருப்பதும் அதுதான். ஆனால் சிம் ஜெகதீஷ் பேரில் இருந்தது. கல்யாணமான புதிதில் கடைக்காரன் ஆதார் கேட்டபோது அவனுடையது சட்டைப் பையில் இருந்தது, அவளுடையது பீரோவில் இருந்தது. வேறு காரணம் கிடையாது. பாதிப் பெண்களின் நம்பர் இப்படித்தான் புருஷன் பேரிலோ அண்ணன் பேரிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிரியும்போது பீரோ, கட்டில், பித்தளை அண்டா எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசிப் பிரித்தார்கள். நம்பரை யாரும் நினைக்கவில்லை.

ஜெகதீஷ் நினைத்தான், கொஞ்சம் தாமதமாக. ஒரு சண்டையில் சொன்னான்: "கஸ்டமர் கேருக்கு ஒரே ஒரு போன் போட்டேன்னு வச்சுக்க, உன் பொழப்பு கட்."

அதன் பிறகு அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். வந்த இடத்தில் அந்தக் கம்பெனிக்கு டவர் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால் போன் செத்துவிடும். ஒவ்வொரு தடவையும் அவன்தான் கட் பண்ணிவிட்டான் என்று தோன்றும். தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பாள். சிக்னல் கட்டை ஏறியதும் திரும்பி வருவாள். அடுப்பில் வைத்தது தீய்ந்திருக்கும்.

பொறுக்க முடியாமல் ஆசிக் கடைக்குப் போனாள். வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்றாள்.

"மாத்தலாம்க்கா. ஆனா உங்க போனு பழைய கம்பெனியே வித்த போனு. வேற சிம்மு எடுக்காது. புதுக் கம்பெனிக்காரனும் ஒண்ணு குடுக்கறான், வெல கம்மி. அவன் சிம்மு மட்டும்தான் போடணும். இல்லன்னா இது, ஓப்பன் போனு. வெல ஜாஸ்தி. எவன் சிம்மு போட்டாலும் எடுக்கும்."

"ஒருத்தன்கிட்ட இருந்து தப்பிச்சி இன்னொருத்தன்கிட்ட மாட்டிக்கவா? ஓப்பனையே குடு."

ஆசிக் சிரித்துக்கொண்டே நம்பரைத் தட்டினான். சிரிப்பு நின்றது. "யாருக்கா இது ஜெகதீஷ்?"

பேர் மாறாமல் கம்பெனி மாறாது. பேர் மாற, பழைய ஆள் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். கனிமொழி அவனைக் கூப்பிடவில்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டாள். அவனுக்கு நசரத்பேட்டையில் வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பழைய பெண்டாட்டி பையன் பேரிலுள்ள நம்பரில் பேசிக்கொண்டிருப்பது வேம்புலியம்மாளுக்கும் உறுத்தலாக இருந்திருக்கும். கடையில் நாலு பேர் பார்க்க வேண்டாம், வீட்டிலேயே முடிக்கலாம் என்று மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"சீக்கிரம் முடிப்பா," என்றாள் ஆசிக்கிடம். "கறிக்கடைல கூட்டம் சேந்துடும்."

டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலும் டவர் இல்லாத அதே பழைய கம்பெனி சிம்தான். ஆசிக் தன் போனை எடுத்து அதிலிருந்து நெட் கொடுத்தான். "பாத்தீங்களாக்கா, என்னோடதுல டவர் முழுசா நிக்குது. நீங்க மாறப் போறதும் இதேதான்."

"ஊர்ல நம்பருக்கா பஞ்சம்?" என்றான் ஜெகதீஷ். "புதுசா ஒண்ணு வாங்கிகினு போறத வுட்டுட்டு, ஞாயித்துக்கெயமையும் அதுவுமா."

"நீ வாய மூடிகினு வெரல வைடா."

வலது கட்டைவிரலை வைத்தான். மிஷின் சிவப்பு காட்டியது. ஆள்காட்டி விரலும் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து இடது கட்டைவிரலை வைத்தான். அதுவும் சிவப்பு. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் வேலை பார்க்கிறவன். விரல் நுனியெல்லாம் ரேகை தேய்ந்து வழவழவென்று கிடந்தது.

ஆசிக் முகம் சுருங்கியது. "இன்னும் ஒரு வாட்டி தப்பாச்சுன்னா லாக் ஆயிடும்ண்ணா. அப்பால இன்னொரு நாள்தான் வரணும்."

"இன்னொரு நாளா? நான் இங்க வந்ததே பெர்சு. போதும், வா நைனா," என்று தன் அம்மாவைப் பார்த்து எழுந்தான்.

"யாருடா நைனா? குந்துடா," என்றாள் வேம்புலியம்மாள். ஆனால் அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக் கிளம்பத் தயாராகிவிட்டாள்.

கனிமொழி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். இந்த ஆள் இன்றைக்குப் படி இறங்கினால் மறுபடி ஏற மாட்டான். நாளைக்கே நசரத்பேட்டைக்காரர்கள் ஏதாவது கேட்டால், ஒரு போனில் எல்லாவற்றையும் முடித்துவிடுவான். அவன் கையையே பார்த்தாள். ரேஷன் கடை ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே கூத்துதான். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். அவள்தான் அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பாள். கடைசியில் ஒரே ஒரு விரல் வேலை செய்யும். வேலையில் எதிலும் படாத விரல்.

"ஆசிக், இடது கை மோதிர வெரல வைக்கச் சொல்லு," என்றாள். "நல்லா அழுத்த வேணாம். சும்மா தொட்டா போதும்."

ஜெகதீஷ் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். உட்கார்ந்து விரலை வைத்தான்.

பச்சை.

அடுத்தது கனிமொழியின் விரல். வைத்ததுமே பிடித்துக்கொண்டது. ஆசிக் எதை எதையோ தட்டிவிட்டு டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஜெகதீஷ் என்றிருந்த இடத்தில் கனிமொழி என்றிருந்தது.

"அவ்ளோதான்க்கா. கொஞ்ச நாள் போவட்டும், கம்பெனியும் மாத்திடலாம். இனிமே யாரும் கட் பண்ண முடியாது, நீங்களா பண்ணாதான்."

"அடிப்பாவி," என்றாள் வேம்புலியம்மாள். "மாசா மாசம் ரேஷன் கடைல நான் மல்லுக்கட்டிகினு கீறேன். மோதிர வெரல்னு முன்னியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலயே அத்தை."

சொல்லிவிட்டு கனிமொழி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஆசிக்கும் சிரித்தான். வேம்புலியம்மாள் முறைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். கனிமொழி சுவரில் சாய்ந்தாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

ஆசிக் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் கிளம்பினான். வேம்புலியம்மாள் கறிக்கடையைச் சொல்லிக்கொண்டே படி இறங்கினாள். ஜெகதீஷ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"இப்ப சந்தோஷமா?"

"ஆமா."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றான் போலிருக்கிறது.

"குட்சிட்டு போவ தண்ணி கீதா?"

"ஊட்ல போய் குடிச்சிக்கடா, வா!" என்று தெருவிலிருந்து வேம்புலியம்மாள் கத்தினாள்.

அவன் இறங்கினான். கனிமொழி எழுந்து வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் திருகினாள்.