ரூபனைத் தூங்க வைப்பது எப்படி

அண்ணி விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கோப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்ததும், தினேஸ்வரி கடித்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"தினேசு, இதுல ஒரு சைன் போட்டுக் குடேன். சனிக்கெழமதான் கடைசி நாளாம்."

தாளின் தலையில் இருந்தது தினேஸ்வரி படித்து முடித்த அதே ஈப்போ கல்லூரியின் முத்திரை. அதே குழந்தைப் பராமரிப்பு, ஆரம்பக் கல்வி டிப்ளோமா. பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் சேரலாம். மூன்று வருடமாவது பிள்ளை வளர்த்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சாட்சிக்கா பஞ்சம்? செமோரில், ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில், கடைசி வீட்டில் பிள்ளை வளர்ப்பது யார் என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். அண்ணன் தனேஸ்வரன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன மறுமாதம் தினேஸ்வரிக்கு ரூபன் பிறந்தான். அவள் புருசனுக்குச் சிங்கப்பூரில் வேலை. "அறுத்தவ வீட்டோட கெடக்கட்டும், புள்ளையப் பாத்துக்கட்டும்" என்று அம்மா பாப்பா ஒரே வரியில் தீர்ப்பு எழுதினாள். அண்ணி துளசிக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

தினேஸ்வரி அதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பானேன்? வார நாளில் பாலர் பள்ளி வேலை, சனி ஞாயிறில் டிப்ளோமா வகுப்பு. பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று படிக்கப் போகிறவள், சொந்தப் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தானே போயாக வேண்டும்!

இன்னொரு சங்கதியும் உண்டு. குசினியில் தொங்கிய காலண்டர்க் கட்டங்களில் துளசி தினமும் பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். 'ஆறு அடி நடந்தான்.' 'கேரட்டைத் துப்பினான், மசித்தால் தின்கிறான்.' 'இடிக்குப் பயமில்லை, மிக்ஸிக்குப் பயம்.' ஒரு குழந்தையை ஆறு மாதம் கவனித்து அறிக்கை எழுதச் சொன்னது கல்லூரி. தினேஸ்வரி காலண்டருக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரே வாரத்தில் எழுதி முடித்தாள். விரிவுரையாளர் அந்தக் கோப்பை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். கைதட்டல் வேறு. அன்று வாங்கி வந்த கேக்கில் அண்ணிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பெரிய மனசு!

"காலண்டர் தாளெல்லாம் அரிசி டப்பாவுக்குப் பின்னால சுருட்டி வச்சிருக்கேன். அதையும் சேத்துக் குடுக்கலாம்ல?" என்றாள் துளசி.

அந்தத் தாள்களைப் பிரித்துப் பார்க்கப்போவது யார்? அதே விரிவுரையாளர். அதே ஆறு அடி.

"வச்சிட்டுப் போங்க அண்ணி. அப்புறமா போடுறேன்."

துளசி துணி காயப்போடப் பின்னால் போனதும் பாப்பா வந்தாள். "புருசன முழுங்கிட்டு இப்ப காலேஜு கேக்குதாம்லா மகாராணிக்கு! நாயித்துக்கெழம ஒன் பட்டமளிப்பு முடிஞ்சி சொந்தக்காரங்க வர்றாங்க. ஆரத்தி எடுக்கறப்ப அவ முன்னால வந்து நிக்காமப் பாத்துக்கோ. புள்ளையத் தூக்கிக்கிட்டு குசினியில இருக்கட்டும்."

தினேஸ்வரி விண்ணப்பத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அண்ணி கேட்டபோதும் அது அங்கேதான் கிடந்தது.

"நான் போன் பண்ணிக் கேட்டேன் அண்ணி. இந்த வருசம் ஆளு நெறஞ்சிடுச்சாம்லா."

துளசி தினேஸ்வரியின் பட்டமளிப்பு அங்கியை எடுத்து இஸ்திரி போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு சுருக்கமாவது இருந்திருந்தால் தினேஸ்வரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை துளசி அரக்கு நிறப் பஞ்சாபி உடையில் கூடத்துக்கு வந்தாள். கக்கத்தில் காலண்டர்ச் சுருள். ரூபனைத் தூக்கி தினேஸ்வரியின் மடியில் வைத்தாள்.

"ஆளு நெறையலையாம் தினேசு. நானும் போன் பண்ணேன்."

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

"எவ சைன் போட்டா?" பாப்பா வாசலுக்கு ஓடினாள். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஜெய்னம்பு காரைக் கிளப்பி வைத்திருந்தாள்.

"நான்தான் பாப்பாக்கா! வேலிக்கு மேல எட்டி எட்டிப் பாக்குறாளேன்னு மூணு வருசமா என்னைய ஏசுவீங்கள்ல? பாத்ததுக்குத்தான் சைன் போட்டேன். இது வேற தாளு, என் கடையில பிரிண்ட் எடுத்ததுலா, பயப்படாதீங்க. தினேசு கைப்பையில உள்ளது பத்திரமா இருக்கும்."

கார் போய்விட்டது.

மதியம் ரூபனுக்குத் தூக்கம் வந்தது. தூங்கத்தான் மாட்டேன் என்றான். தினேஸ்வரி பாடினாள். பொம்மை காட்டினாள். தட்டினாள். பாடப்புத்தகத்தில் இருந்த ஆறு வழியும் தீர்ந்தது. "த்தை! த்தை!" என்று வாசலைப் பார்த்து வீறிட்டான் பிள்ளை.

"டிப்ளோமா வாங்கினவதானே நீ? தூங்க வைலா!" பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி இதையும் எழுதி வைத்திருப்பாள். திமிறுகிற பிள்ளையை இடுக்கிக்கொண்டு தினேஸ்வரி குசினிக்கு ஓடினாள்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, எண்ணெய்ப் புகை படியாமல் காலண்டர் காத்து வைத்திருந்த இடம், வெள்ளை வெளேரென்று.