கயிறு சாய்ந்த பக்கம்

தோல்படகு போயேவிட்டது. கரையோடு ஒட்டியிருந்த பனித்தட்டு பிளந்ததும், விளிம்பில் நின்ற படகை நீரோட்டம் பனித்துண்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஆட்கள் எப்படியோ ஸ்னோமொபைல் பனிவண்டிகளில் ஊர் திரும்பிவிட்டார்கள். கடைசியாகப் பிளவைத் தாண்டிய சிக்வான் மட்டும் இடுக்கில் விழுந்து, இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

திமிங்கில வேட்டைக் குழுவின் தலைவர் தாகுலிக். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "என் கணிப்பு தப்பிப்போச்சு."

அவர்கள் போனபின்பும் அவருடைய அக்கா மகன் நிகெருக் மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் காரிபூ மான்கறி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடேன்டா. படகுக்குத் தோல் தைச்சவ நானு, நானே அழல," என்றாள் அத்தை நௌயாக்.

"மாமா, காலைல கயிறு விட்டுப் பாத்தேன்ல. நேரா நிக்குதுன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"நேரா நிக்கல. கடல் பக்கமா சாஞ்சுது. நல்லாவே சாஞ்சுது."

குண்டு கட்டி நீருக்குள் விட்ட கயிறு கடல் பக்கம் சாய்ந்தால், நீரோட்டம் பனியைக் கரையிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது என்று அர்த்தம். உடனே கூடாரத்தைச் சுருட்ட வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு திமிங்கிலம் மூச்சுவிட்டது. இந்த முறை ஈட்டி எறிவது நிகெருக் என்று முடிவாகியிருந்தது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ டீ குடிக்கப் போனதும் நானும் விட்டுப் பாத்தேன்," என்றார் மாமா.

"அப்ப…"

"சாஞ்சுதான் இருந்துச்சு. போன சீசன் வெறுங்கையோட வந்தோம். கொஞ்ச நேரம் தாங்கும்னு நெனச்சேன். நீ சொன்ன பொய் எனக்கு வசதியா இருந்துச்சு."

நிகெருக்கின் பாரம் இறங்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர். சிக்வானிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"நல்ல மாமன், நல்ல மருமகன்," என்றாள் அத்தை. "இத அவன் அம்மாகிட்ட யாரு சொல்றது? நானா?"

ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் பேச்சு ரேடியோவை மாமா எடுத்தார். "குழு என்னோடது. நான் சொல்லிக்கிறேன்."

"ஊரே கேக்கும் மாமா. அப்புறம் உங்க பின்னாடி ஒருத்தனும் வர மாட்டான்."

"வரவும் கூடாது."

நிகெருக் அதை அவர் கையிலிருந்து வாங்கி, பொத்தானை அழுத்தினான்.

"நிகெருக் பேசறேன். சிக்வான் அம்மா இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு," என்றது அந்தக் குரல். "நீயாவது நல்லபடியா வந்து சேந்தியே. சொல்லு."