நூறு நாள் ஜெபத் தீர்மானம்

புத்தாண்டின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அந்த வருடத்து ஆவிக்குரிய தீர்மானங்களை எழுத அதில் மூன்று கோடுகள் இருந்தன. குன்சான் துறைமுகத்தில் மீன் காயவைத்து விற்கும் போக்-ஹீ, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாள். வேதாகமத்தை ஒருமுறை முழுதாக வாசிப்பது. ஒரு நாளும் தவறாமல் நூறு நாள் அதிகாலை ஜெபம். மூன்றாவது கோட்டில்: கிறிஸ்துமஸுக்குள் மகள் சோரா சபைக்குத் திரும்புவது.

பக்கத்து நாற்காலியிலிருந்து மா அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏன் அக்கா, போன வருஷமும் இதே நூறு நாள்தானே? அறுபத்து மூணாம் நாள்ல மூக்கு ஒழுகிப் படுத்துட்டீங்க!"

"இந்தத் தடவை செத்தாலும் சபையிலதான்டி சாவேன். நீ உன் அட்டையைப் பாரு."

மறுநாளே தொடங்கினாள். சபை வாசலருகே சுவரில் ஒட்டியிருந்த வருகைத் தாளில் அவள் பெயருக்கு நேரே தினமும் ஒரு சிவப்பு முத்திரை விழுந்தது. பனி கொட்டிய நாளிலும் விழுந்தது. முழங்கால் வீங்கிய வாரத்தில் தடி ஊன்றிக்கொண்டு போனாள். இன்சொன் நகரத்தில் இருந்த சோரா, கல்யாணமாகி நான்கு வருடத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம். 'ஆண்டவர் வழியைத் திறக்கிறார்' என்று போக்-ஹீ உறுதியாக நம்பினாள்.

முப்பத்தெட்டாம் நாள். சபைப் படியேறும்போது அங்கிப் பையில் போன் அதிர்ந்தது. சோராவின் பெயர். மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. தூக்கம் வராவிட்டால் கண்ட நேரத்தில் கூப்பிடுகிற பெண்தான். ஜெபம் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு அவளுக்கு ஜெபம் ஊற்றெடுத்து வந்தது. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வெளியே வந்து போனை உயிர்ப்பித்தபோது ஏழேகால். மகளிடமிருந்து ஏழு அழைப்புகள். கடைசியாக மருமகன் ஹான்-சோலின் செய்தி: 'அத்தை, ஆஸ்பத்திரியில் இருக்கோம். குழந்தை போயிடுச்சு.'

பஸ்ஸில் மூன்று மணி நேரம். அவள் ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் ஹான்-சோல், கிடங்கு வேலைச் சீருடையோடே உட்கார்ந்திருந்தான். இரவு ஷிப்டு. கிடங்குக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. ஷிப்டு முடிந்து போனைப் பார்த்ததும் நேரே ஓடிவந்திருக்கிறான். வலி தொடங்கியபோது சோரா தனியாக இருந்திருக்கிறாள். இது சாதாரண வலிதானா, ஓட வேண்டிய வலியா என்று தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்துதான் டாக்ஸி பிடித்திருக்கிறாள்.

"முன்னாடியே வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு, அத்தை" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்து அவன் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு போக்-ஹீ அங்கேயே தங்கினாள். பிரசவித்தவளுக்கு வைப்பதுபோலக் கடற்பாசி சூப் வைத்தாள். சோரா அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மா அம்மாள் போன் செய்தாள்.

"அக்கா, உங்க கட்டமெல்லாம் காலியாக் கிடக்கு. விஷயம் போதகருக்கும் தெரியும். அங்கிருந்தே ஜெபம் பண்ணுங்க, முத்திரையை நான் குத்திடறேன்."

"வேண்டாம், விடு."

"நூறு நாளாச்சே அக்கா!"

"விடுன்னு சொல்றேன்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சோரா படுக்கையில் கண் திறந்து கிடந்தாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டப்போ நீ யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"ஆண்டவர்கிட்ட. உனக்காகத்தான்டி..."

"எனக்காக என்ன கேட்டே?"

ஒரு பொய் போக்-ஹீயின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"நீ சபைக்குத் திரும்பணும்னு. குழந்தை பொறந்தாலாவது உன் மனசு மாறணும்னு."

"குழந்தை நல்லாயிருக்கணும்னு கேட்கலையா?"

போக்-ஹீ தலையைக் குனிந்துகொண்டாள். கேட்காமல் இருந்திருப்பாளா? கேட்டிருப்பாள். எந்த நாளில், எந்த வார்த்தையில் என்று எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவில்லை.

சோரா சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. போக்-ஹீ பழக்கத்தில் விடியுமுன் எழுந்து, கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருப்பாள். கை கூப்ப வராது. உதடு அசையாது. முப்பது வருடம் ஓயாமல் பேசிய வாய் அது.

அடுத்த விடியலில் இருட்டிலிருந்து சோராவின் குரல் வந்தது. "அம்மா, தரை சில்லுனு இருக்கும். மேல வா."

போக்-ஹீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, போர்வை ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தாள்.

"வயித்துல இருக்கறப்பவே அவனுக்கு ஒரு பேரு வெச்சிருந்தோம். நீ ஒரு நாளாவது கேட்டியாம்மா?"

"கேட்கலை. தப்புதான். இப்பக் கேட்கறேன், சொல்லு கண்ணு."

"கோங். முதல் ஸ்கேன்ல ஒரு பயறு அளவுதான் இருந்தான். அதான் பயறுன்னே கூப்பிட்டோம்."

"கோங்" என்றாள் போக்-ஹீ. மறுபடியும் அந்தப் பெயரையே சொன்னாள். போர்வைக்குள் மகளின் தோள் குலுங்கத் தொடங்கியது. போக்-ஹீ கையை நீட்டினாள். சோரா அதைத் தள்ளிவிடவில்லை.