துரை குடித்த தண்ணீர்

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தன் பொறுப்பில் இருந்த எந்த லிஃப்டுக்கும் ஆய்வுத் தேதி ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, அடுத்த தேதியை எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டு நாயின் தடுப்பூசித் தேதியைக் கோட்டை விட்டுவிட்டார். இதை எங்கே போய்ச் சொல்ல!

நாயின் தேதிகள் மனைவியின் இலாகா. அவள் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் பேச்சுத்துணை துரைதான். சோபாவை விட்டு இறங்காத அந்த நாயின் மிடுக்கைப் பார்த்து மனைவி வைத்த பெயர் அது.

துரை மட்டும் போதாதென்று, பின்பக்கத் தோட்டத்தில் தானியம் இறைத்து, அகலச் சட்டியில் தண்ணீரும் வைத்தார். மைனா வந்தது, அணில் வந்தது. மனுஷருக்கு வாயெல்லாம் பல். சிந்தியதைத் தின்ன எலியும் வந்தது. அதுவும் ஒரு உயிர்தானே என்று விட்டுவிட்டார். துரையோ உள்ளே இருந்த நல்ல தண்ணீரைச் சீந்தாமல், அந்தச் சட்டியில்தான் போய் நக்கும்.

போன மாதம் துரை இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தது, ஈறெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அள்ளிக்கொண்டு ஓடினார்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண், இவருடைய மகள் வயதுதான் இருக்கும். ரத்தத்தைச் சோதித்துவிட்டு எலிக்காய்ச்சல் என்றாள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வந்தது, சிறுநீரகம் வரை போய்விட்டது, வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றாள். மனிதருக்கும் தொற்றுமாம், கையுறை இல்லாமல் தொடக்கூடாதாம். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா வீட்ல யாருங்க பாத்துப்பாங்க?"

பதினான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. மேஜைமேல் சுருண்டு கிடந்த துரையைக் காட்டினார்.

"இவன்தாம்மா."

அவள் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

ஐந்து நாள் துரை அங்கேயே சலைன் ஏறக் கிடந்தது. இங்கே அவர் டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கப் பயந்து ஊரையெல்லாம் கூப்பிட்டு, இருந்த ஒருத்தனையும் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறாம் நாள் போன் வந்தது. துரை தானாகவே தண்ணீர் குடித்துவிட்டதாம், கூட்டிப் போகலாமாம்.

போன் வந்த கையோடு தோட்டத்தைக் கூட்டினார். சட்டியைக் கவிழ்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பரண்மேல் ஏற்றினார். அடுத்த ஊசித் தேதியை எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டினார். பிறகுதான் துரையை அழைத்துவரப் போனார்.

மறுநாள் காலை மைனாக்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, சட்டி இருந்த இடத்தைப் பார்த்துக் கத்தின. கையுறை போட்ட கையால் துரையின் காதைச் சொறிந்தபடியே, ஜன்னல் வழியாக அவற்றிடம் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு இவன் ஒருத்தன்தான்."

மூன்று நாள் வந்து பார்த்தன. நாலாம் நாள் ஒன்றும் வரவில்லை.