தவறவே முடியாத கிளைகள்

ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த அன்று, தொண்ணூற்றொன்பது என்ற எண்ணைக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது புளித்துவிட்டது. லிஃப்டில் பார்த்தவர்கள்கூட, "உங்க வேலையை எடுத்துக்கிட்ட தாடி பின்னிட்டான்" என்றார்கள்.

அவள் வடிவமைத்தது, பிராசசருக்குள் இருந்துகொண்டு ஊகிக்கும் பகுதி. புரோகிராமில் வழி இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில் பிராசசர் விடைக்காகக் காத்து நிற்பதில்லை. ஒரு வழியை ஊகித்து ஓடிவிடும். ஊகம் தப்பினால் அதுவரை செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். நூற்றுக்கு எத்தனை ஊகம் சரி என்பதில்தான் அந்தக் குழுவின் மானமே இருந்தது. அவள் விடுப்பில் போனபோது தொண்ணூற்றேழு. தாடி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த இளைஞன் அதைத் தொண்ணூற்றொன்பதாக்கியிருந்தான்.

பொறாமை இல்லை என்றால் பொய். ஆனால் ஒன்று உறுத்தியது. ஊகம் இவ்வளவு சரியென்றால் வேகம் எகிறியிருக்க வேண்டும், கொஞ்சம்தான் கூடியிருந்தது. இரண்டு நாள் குடைந்தாள். மூன்றாம் நாள் மதியம் பிடிபட்டது. ஒரே வழி மட்டும் உள்ள கிளைகளையும் சரியான ஊகங்களாகச் சேர்த்து எண்ணியிருந்தார்கள். அங்கே தப்பாக ஊகிக்க யாராலும் முடியாது. இந்த முறை ஓட்டிப் பார்த்த புதிய சோதனை புரோகிராம்களில் அவை மலிந்திருந்தன. கழித்துப் பார்த்தால் தொண்ணூற்றைந்துதான்.

தாடி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் மூடிவிட்டான்.

"எண்ணுற புரோகிராமை நான் தொடவே இல்லக்கா. நீங்க எழுதினது. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பழைய பதிவுகளைத் திறந்தார்கள். கிளைகளை எண்ணும் அந்த வரிக்கு எதிரே அவள் பெயர். தேதி, விடுப்புக்கு முந்தைய வாரம். கால் வீங்கி, நாற்காலியில் உட்காரவும் முடியாமல் அவசர அவசரமாக எழுதி முடித்த வாரம். அவளுடைய தொண்ணூற்றேழும் உண்மையில் தொண்ணூற்று நான்குதான். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நானே போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.

"பாராட்டு வாங்கினது நான்தானே? ரெண்டு பேருமா போவோம்."

மேலாளர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொண்ணூற்றொன்பது என்று மேலிடத்தில் மார்தட்டிவிட்டு வந்தவர் அவர்.

"நான் அவங்க முன்னால என்ன முகத்தோட போய் நிக்கிறது?" என்றவர், பெருமூச்சு விட்டார். "போகட்டும். சிப் இன்னும் தயாரிப்புக்குப் போகலை. போனப்புறம் தெரிஞ்சிருந்தா எல்லாரும் தலையில துண்டைப் போட்டுக்கணும்." பிறகு அவளைப் பார்த்து, "குழந்தை தூங்க விடுதாம்மா?" என்றார்.

"இல்லை சார்." அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அந்தக் கேள்விக்குத்தான் வந்தது.

ஊகத்தை மேம்படுத்த ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. தாடி கூட்டியிருந்த அந்த ஒரு புள்ளி அசல் உழைப்பு என்பதை அவள் எல்லோரிடமும் சொன்னாள். இருவரும் சேர்ந்து தொண்ணூற்றாறைத் தொட்டார்கள். அறிக்கையில் அவள் அவன் பெயரை முதலில் போட்டாள். அவன் அதை மாற்றி அவள் பெயரை முதலில் போட்டான். மேலாளர் சலித்துப்போய் அகர வரிசையில் போட்டு அனுப்பிவிட்டார்.